மாவுக்கு முட்டை

12.02.1992, கொக்குவில்

இன்று கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரணம் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் என் கடை வாசலில் ஏழெட்டுப் பேர் கோதுமை மாப் பையோடு நின்றார்கள். இடம்பெயர்ந்த சனத்துக்கு நிவாரண அட்டைக்குக் கிடைப்பது அரிசி, மா, சீனி, பருப்பு. அவ்வளவுதான். மூன்று வேளையும் பிள்ளைக்கு ரொட்டியைத் திணித்தால் பிள்ளை எப்படித் தேறும்? அதனால் மாவை என்னிடம் தந்து முட்டை, பயறு, கீரை வாங்குகிறார்கள். மாவை நான் பேக்கரிக்குக் கொடுக்கிறேன். இதில் யாருக்கு என்ன நட்டம்?

கனகாம்பிகையும் வந்தாள். தெல்லிப்பழையில் தோட்டம் துரவோடு வாழ்ந்தவள். புருஷன் ஷெல் விழுந்து செத்தபின் இரண்டு பிள்ளைகளோடு பள்ளிக்கூட முகாமில் இருக்கிறாள். சின்னவன் நிரூபனுக்கு இரண்டு வயது, நிறை ஏறவில்லை. நாளுக்கொரு முட்டை கொடுக்கச் சொல்லியிருக்கிறாள் குடும்பநலமாது. கனகாம்பிகை மாவை ஒரு பிடி கூடவே அளப்பாள். குறைத்துத் தந்தாள் என்று ஒருவரும் சொல்லக்கூடாதாம். ராங்கி பிடித்தவள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

26.02.1992

சங்கக்கடை மனேச்சர் தம்பிஐயா வந்தார். நிவாரணச் சாமானைத் தனியார் கடையில் மாற்றினால் அட்டை வெட்டு, கடைக்கும் பூட்டு. மேலிடத்து உத்தரவாம். எவனோ பெரிய வியாபாரி சனத்திடம் சீனியை வாங்கிப் பதுக்கினானாம். அதற்கு இந்தப் பிள்ளைகளின் வாயில் மண்ணா?

“அப்ப முட்டையும் பயறும் உங்கடை சங்கத்திலை குடுப்பியளோ?” என்று கேட்டேன்.

“அது பட்டியலிலை இல்லையே, குணலட்சுமி.”

மனுசன் நல்லவர்தான். முகம் செத்துப்போய் நின்றார்.

04.03.1992

முட்டை விலைப்படவில்லை. நாலைந்து கூழாகிவிட்டன. கொண்டுபோய்க் குழி தோண்டித் தாட்டேன்.

11.03.1992

கனகாம்பிகை வந்தாள். மாவைக் களவாய் மாற்றலாமோ என்று கேட்டாள். பயமாக இருக்கிறது என்றேன். உண்மைதானே, கடை போனால் நான் எங்கே போவது?

நிரூபன் அவள் தோளில் கிடந்தான். கால் இரண்டும் முருங்கைக்காய் மாதிரி. கீரையாவது கொடு என்று சொல்லலாமென்றால், முகாம் வேலி முருங்கையில் ஈர்க்குத்தான் மிச்சம். ஐந்து முட்டையை எடுத்து நீட்டினேன்.

“வேண்டாம் அக்கா. தர ஒண்டும் இல்லாமல் எப்பிடி வாங்கிறது?”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில், “உன்ரை தோட்டம் ஆமிக்காரனிட்டை. உந்த ராங்கியை மட்டும் ஏன் தூக்கிக்கொண்டு வந்தனி?” என்றேன்.

ஐயோ, என்ன வாய் இது! அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

12.03.1992

முகாமுக்குப் போய்ச் சமாதானம் சொல்லவேண்டும். முட்டையையும் வைத்துவிட்டு வரலாம்.

15.03.1992

போகவில்லை. நல்லதுக்குத்தானே சொன்னேன், அவள் வரட்டுமே – எனக்கும்தான் ராங்கி.

24.03.1992

நிரூபனுக்கு வயிற்றோட்டமாம். பெரியாஸ்பத்திரியில் சேலைன் ஏறுகிறது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தாங்குவதற்கு உடம்பில் ஒன்றுமில்லை என்றாளாம் நேர்ஸ். கனகாம்பிகை என்னோடு கதைக்கவில்லை. இருட்டும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு வந்தேன்.

27.03.1992

பிள்ளை போய்விட்டது.

28.03.1992

தாட்டாச்சு. கடை திறக்கவில்லை. உத்தரவு போட்டவனைத் திட்டுகிறேன், பதுக்கினவனைத் திட்டுகிறேன். திட்டித் திட்டி என்னிடமே வந்து நிற்கிறது. அந்த ஒரு சொல்லை நான் சொல்லாமல் விட்டிருந்தால் அவள் மறுபடி வந்திருப்பாளோ?

13.05.1992

இன்று கனகாம்பிகை வந்தாள், மூத்தவள் மயூரியைக் கையில் பிடித்துக்கொண்டு. கடையில் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை, குரலைத் தணிக்கவும் இல்லை.

“அக்கா, இவளுக்கு ரண்டு முட்டை சும்மா தாங்கோ.”

இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். நாலு வைத்தேன். சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாள்.

என்னோடு சண்டை பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் இன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.