பலகையில் ஏறிய நைனாவின் பெயர்

பெயிண்டு வாடை இன்னும் என் சட்டையை விட்டுப் போகவில்லை. காலையில் மில்லுக்குப் போகிற வழியில், படிப்பகத்து வாசலில் ஏணி போட்டுப் பழைய பெயர்ப் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார் பெயிண்டர். நான் நின்று பார்த்தேன். நின்றதுதான் தப்பு. உள்ளேயிருந்து சங்கத்து இளைஞர்கள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். "அண்ணே, உங்களத்தான் தேடிக்கினு இருந்தோம். உங்க நைனா பேருக்கு முன்னாடி தியாகின்னு போடலாம்னு கீறோம். நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டார்கள்.

அந்தப் பலகையின் கதை உன்னைவிட யாருக்குத் தெரியும். முதலில் 'கன்னியப்பன் படிப்பகம்' என்றுதான் இருந்தது. அடுத்த முறை வர்ணம் அடித்தபோது என் தகப்பன் கன்னியப்பனார் ஆகிவிட்டார். அன்றைக்கு நீ என் விலாவில் இடித்து, "பாத்தியா, உங்க நைனா செத்த பொறவும் வளந்துக்கினே கீறாரு" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ போய் வருஷம் ஒன்று ஆகிறது. இப்போது தியாகி பட்டமும் வந்து நிற்கிறது, இடித்துச் சிரிக்க ஆள் இல்லை. அதனால்தான் படிக்க மாட்டாய் என்று தெரிந்தும் உனக்கு எழுதுகிறேன்.

உங்கள் நெசவுத் தெரு முனையில் ஓலைக் கொட்டகையாக அந்தப் படிப்பகம் இருந்த நாட்களை நினைத்துக்கொள்கிறேன். இரண்டு பெஞ்சு, ஒரு மேஜை, இரண்டு பத்திரிகை. நீ பகலெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் வந்து ஜன்னலோரத்தில் இடம் பிடித்துக்கொள்வாய். நான் மில்லில் மூட்டை தைத்துவிட்டு, தலையெல்லாம் தவிடாக வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பேன். சேரிக்காரன் உள்ளே வந்து பெஞ்சில் உட்காரக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருமுறை நீ என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாய். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துபோனார்கள். அதற்குப் பிறகு நானே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ பத்திரிகையை உரக்கப் படிப்பாய், எனக்காகத்தான் அந்தச் சத்தம் என்று இருவருக்கும் தெரியும்.

பத்திரிகை தீர்ந்ததும் வாதம் ஆரம்பிக்கும். சரித்திரத்தில் யாரைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்பதுதான் எப்போதும் பேச்சு. ஆரம்பப் பள்ளி வாத்தியார் சோழன் கட்சி. நம்மூர்க் கோயில் மண்டபச் சுவரில் குடவோலைத் தேர்தல் விதிகளை வெட்டிவைத்த காலத்து ராஜா என்பதால், அவனைத் தன் பெண்ணைக் கொடுத்த மாப்பிள்ளை மாதிரி தாங்குவார். பஸ் ஏஜெண்டு பல்லவன் கட்சி. நீ எந்தக் கட்சியும் இல்லை, வருகிறவர்களையெல்லாம் கவிழ்ப்பது ஒன்றே உன் வேலை. கலிங்கத்தில் போர் செய்து பிறகு மனம் மாறிய அந்தப் பேரரசரை யாரோ எடுத்தபோது, "வெட்டிட்டு அப்பறம் அழுதாராம். வெட்டறதுக்கு முன்னாடியே அழுதவன் எவனாவது இருந்தா சொல்லு, கும்புடறேன்" என்றாய். ஜன்னலுக்கு வெளியே நான் கைதட்டினேன். வாத்தியார் என்னை முறைத்தார், உன்னை விட்டுவிட்டார்.

புள்ளலூருக்குப் போனோமே, அதுவும் உன் பிடிவாதம். காஞ்சிபுரத்துக்குப் பட்டு நூல் வாங்கப் போனபோது என்னையும் இழுத்துப் போய், வாடகை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மிதித்தாய். பல்லவனும் சாளுக்கியனும் மோதிய இடத்தைப் பார்க்க வேண்டுமாம். போய்ப் பார்த்தால் நாற்று நட்ட வயல். மடை திருப்பிக்கொண்டிருந்தவரிடம் சண்டை நடந்த இடம் எது என்று கேட்டாய். "போன வாரம் வரப்புத் தகராறு ஒண்ணு நடந்துச்சு. அதுக்கா காஞ்சிபுரத்துலேருந்து வந்தீங்க?" என்றார் அவர். திரும்புகிற வழியெல்லாம் சிரித்தோம். பல்லவர் செப்பேட்டில் ஜெயித்தது பல்லவன், சாளுக்கியர் கல்வெட்டில் ஜெயித்தது சாளுக்கியன் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். நீ சட்டென்று சைக்கிளை நிறுத்தி, "ரெண்டு பேரும் ஜெயிச்சாங்கன்னா தோத்தது யாரு?" என்று கேட்டாய். நான் யோசிப்பதற்குள் நீயே சொன்னாய். "நாத்து நட்டவன். கல்லுல எழுதறவன் எவனையும் நம்பாத."

அந்த வருஷ ஐப்பசியில்தான் எங்கள் நைனா ஏரியில் செத்தார். ஊருக்குத் தெரிந்த கதை இது. ஏரி தளும்பிய மழையில், விடியற்காலையில் மதகுப் பக்கம் கரை அரிக்க ஆரம்பித்தது. கன்னியப்பன் ஒற்றை ஆளாக அதைப் பார்த்து, அடைக்கத் தண்ணீரில் குதித்து உயிரை விட்டான். அவன் குதித்திராவிட்டால் ஏரிக்குக் கீழே ஒரு காணி மிஞ்சியிருக்காது. எல்லாத் தெருக்காரர்களும் பனையோலையும் மணல் மூட்டையுமாக ஓடிப்போய்க் கரையைக் காப்பாற்றினார்கள். மதகு வாயிலிருந்து நைனாவின் உடம்பை வெளியே இழுத்தவர்களில் நீயும் ஒருவன். அந்த நேரத்தில் அங்கே அவனுக்கு வேறு என்ன வேலை என்று ஊரே கேட்டது. அந்தக் கேள்வியே அவர் வீரத்துக்குச் சாட்சி ஆகிவிட்டது.

என்ன வேலை என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். ஏரி மீன் குத்தகைக்காரருடையது. மதகுக் கதவை ஒரு சாண் தூக்கிவிட்டு வாயில் வலையைக் கட்டினால், தண்ணீரோடு விராலும் கெளுத்தியும் வந்து விழும். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாட்களில் நைனா அப்படித்தான் எங்களுக்குச் சோறு போட்டார். அந்த மீனைத் தின்று வளர்ந்த உடம்பு இது. அன்றைக்குத் தண்ணீர் வேகத்தில் கதவு அவர் கையை மீறிப் போயிருக்க வேண்டும். கரையை அரிக்கவிட்டதே அவர்தான். வீட்டுக் கூரையில் செருகியிருந்த வலையை அன்றிலிருந்து காணவில்லை. நான் தேடியபோது அம்மா, "அதத் தேடாத. வாய மூடிக்கினு இரு" என்றாள். ஊர்க்காரர்கள் மாலை கொண்டுவந்து போட்டபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கம் என்று நினைத்தார்கள்.

கொட்டகைக்கு ஓடு போட்ட வருஷம் பெயர் வைக்கிற தகராறு வந்தது. ஒரு மாதம் வாதம் நடந்தது. பல்லவனா, சோழனா என்று பஸ் ஏஜெண்டுக்கும் வாத்தியாருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாமல் போனது. நீதான் யோசனை சொன்னாய். நம்மூர்ப் பெருமைப்படியே முடிவு செய்வோம், ஆளுக்கொரு பெயரை ஓலையில் எழுதட்டும், குடத்தில் போட்டுக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம் என்றாய். வாத்தியாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஓலைகளை வாங்கிக் கட்டிக் குடத்தில் போடும் பொறுப்பு உனக்கு. குலுக்குகிற நாளில் வாத்தியார் கல்வெட்டு விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறர் பொருளைத் திருடியவன் பெயரைக் குடத்தில் போடலாகாது என்று ஒரு விதி. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நமக்கென்ன, அது ராஜாக்கள் பாடு என்று இருந்தேன்.

உன் சின்ன மகள் குடத்துக்குள் கைவிட்டு ஓர் ஓலையை எடுத்தாள். வாத்தியார் பிரித்து, "கன்னியப்பன்" என்று படித்தார். எந்த தேசத்து ராஜா என்று யாரோ கேட்டார்கள். ஏரியைக் காப்பாற்றின நம்ம கன்னியப்பன்தான் என்று இன்னொருவர் சொன்னார். சிலர் முகம் சுளித்தார்கள், மறுபடி எடுக்கலாம் என்றார்கள். நீ எழுந்தாய்.

"குடத்துல வந்தது வந்ததுதான். அதக்கூட மாத்துவோம்னா கோயில் செவுத்துல இருக்கறத இடிச்சிப் போட்டுடலாம்" என்றாய்.

வாத்தியாருக்கு வேறு வழியில்லை, தலையை ஆட்டினார். ஜன்னலுக்கு வெளியிலிருந்து, "வேணாம் சார். எங்க நைனா பேரு வேணாம் சார்" என்று கத்தினேன். மெய்யாகவே கெஞ்சினேன். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தகப்பனுக்கு ஏற்ற பிள்ளை, பெருமை வேண்டாம் என்கிறான் பாருங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னார். பிறகு அவரே வெளியே வந்து, என் தோளைத் தொட்டு உள்ளே அழைத்துப் போய், பெஞ்சில் உன் பக்கத்தில் உட்காரவைத்தார். இந்த முறை யாரும் எழுந்துபோகவில்லை. முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். அந்த ஓலையை எழுதியவன் நீதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ராஜாக்களை நம்பாதவன் ஒரு மீன் திருடனை நம்பி ஏமாந்துவிட்டாயே என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் தினமும் உள்ளேதான் உட்கார்ந்தேன். ஏரி நிரம்புகிற வருஷமெல்லாம் பலகைக்கு மாலை போட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் சோழனையும் பல்லவனையும் சொல்லிவிட்டு எங்கள் நைனாவையும் சொன்னார்கள். கடைத்தெருவில் என்னைக் கண்டால் நாலு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். வெட்கம் என்பது ஒருநாளில் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது சம்பளம் மாதிரி மாதாமாதம் வந்துகொண்டிருந்தது.

போன வருஷம் நீ நெஞ்சு நோயோடு படுத்திருந்தபோது பார்க்க வந்தேன். தறியில் பாதிப் புடவை அப்படியே நின்றிருந்தது. நீ இனிமேல் எழுந்திருக்க மாட்டாய் என்று உன் முகத்தைப் பார்த்தவுடன் தெரிந்தது. என்னமோ உந்தியது, உன்னிடமாவது சொல்லிவிடலாம் என்று நைனாவின் வலையைப் பற்றி ஆரம்பித்தேன். நீ கையை அசைத்து நிறுத்தினாய்.

"தெரியும். அவுரு கால்ல சுத்திக்கினு இருந்துச்சு. மத்தவங்க வர்றதுக்குள்ள நான்தான் அறுத்து சேத்துல அமுக்கினேன்."

தெரிந்துமா அவர் பெயரை எழுதினாய் என்று கேட்டேன். நீ சிரித்தாய், இருமல் வந்தது, அடங்கிய பிறகு சொன்னாய்.

"ஒரு ஓலையா எழுதினேன்? குடத்துல இருந்தது பூரா உங்க நைனா பேருதான். எதை எடுத்திருந்தாலும் அவுருதான் வந்திருப்பாரு."

"ஏன்பா அப்பிடிச் செஞ்ச?"

"நீ மழையில நின்னுக்கினு ராஜாவப் பத்திப் பேசிக்கினு இருந்த. எனக்கு மானம் போச்சு. உள்ள வந்து உக்காரணும்னா ஒரு பெரிய மனுசன் வேணும், உங்க வூட்ல ஒருத்தரும் இல்ல. நான் பண்ணேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். "புள்ளலூர்ல ரெண்டு ராஜாவும் நான்தான் ஜெயிச்சேன்னு எழுதி வச்சிக்கினாங்க. உங்க நைனா தனக்குன்னு ஒண்ணும் எழுதி வச்சிக்கல. அதுக்கோசரமாவது இருந்துட்டுப் போவட்டும்."

அன்றைக்கு உன் வீட்டிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. இத்தனை வருஷமும் உன்னை ஏமாந்தவன் என்று நினைத்திருந்தேன், அதை நினைத்து வெட்கப்பட்டேன். எழுதிவைத்த பொய்களை வாழ்நாளெல்லாம் கிண்டல் செய்தவன், எனக்கு ஒரு பெஞ்சு வேண்டும் என்பதற்காகத் தானே ஒரு பொய்யை எழுதியிருக்கிறாய். அதற்கு நான் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. அடுத்த வாரம் நீ இல்லை.

இன்று காலையில் அந்த இளைஞர்களிடம் சொல்லிவிட்டேன். "தம்பி, எங்க நைனா ஏரியக் காப்பாத்தப் போவல. திருட்டு மீன் புடிக்கப் போனாரு. மதகத் தூக்கிவுட்டு ஏரிய ஒடைக்கப் பாத்ததே அவுருதான். தியாகியெல்லாம் வேணாம்" என்றேன். ஏணிமேல் பெயிண்டர் கையை நிறுத்தினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் முடிந்தது, இனி ஜன்னலுக்கு வெளியேதான் என்று நின்றேன். அதில் ஒருவன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். "வாத்தியாரு சொல்லிக்கீறாரு, அண்ணன் அன்னிக்கே பேரு வேணாம்னு சொன்னவருன்னு" என்றான். பிறகு மேலே பார்த்து, "நீங்க எழுதுங்க" என்று சொல்லிவிட்டான்.

நைனாவைப் பற்றித்தான் சொன்னேன். அறுத்த வலையைப் பற்றியும் குடத்தைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. அது என்னோடு போகட்டும்.

சாயங்காலம் வழக்கம்போல் போனேன். யாரைக் கும்பிடலாம் என்ற வாதம் இன்னும் தீரவில்லை, இப்போதைய பிள்ளைகள் வேறு வேறு பெயர்கள் சொல்கிறார்கள். அண்ணன் யாரைச் சொல்கிறீர்கள் என்று என்னையும் கேட்டார்கள். உன் பெயர் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கோயில் சுவர் விதிப்படி உன் பெயரையும் குடத்தில் போட முடியாது, அத்தனை பேர் ஓலையையும் திருடியவன் நீ. ஒன்றும் சொல்லாமல் சிரித்தேன். அடக்கம் என்றார்கள். தலைக்கு மேலே தியாகி இன்னும் ஈரமாக இருந்தார். வெட்கமாக இருந்தது, எழுந்து வெளியே போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. போகவில்லை. ஜன்னலோரம் நீ உட்காருகிற இடத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.