பொட்டாஷ் முடிச்சு

மக்காச்சோளத்துக்குப் போட இன்று காலை பொட்டாஷ் உர மூட்டையைப் பிரித்தேன். செங்கல் நிறத் தூள் விரலில் ஒட்டியதும் கை அப்படியே நின்றுவிட்டது, பாப்பா. நீ போய் முப்பத்தெட்டு நாள் ஆகிறது. எனக்கு அது அதுவரைக்கும் யாரோ யாருக்கோ சொன்ன செய்தி மாதிரிதான் இருந்தது.

இந்த மூட்டையில் இருக்கிற பொட்டாசியம் சத்தை வைத்துத்தான் காலேஜ் லேப்பில் பேட்டரி செய்கிறோம் என்று ஒருநாள் சொன்னாய். நான் என்ன கண்டேன்? மறுநாளே ஒரு பிடி அள்ளி, துணியில் முடிந்து, உன் சாப்பாட்டுப் பையில் வைத்துவிட்டேன். சாயங்காலம் வந்து, "லேப்புல எல்லாரும் சிரிச்சாங்கம்மா. இனிமே ஒரம் குடுத்து வுடாத" என்றாய்.

உன் பேட்டரிக்குள் வைப்பது வெள்ளீயமும் இன்னொரு உலோகமும் கலந்த ஒரு பொடி. சார்ஜ் ஏறினால் பொட்டாசியம் உள்ளே போய் அந்தப் பொடி ஊதும், இறங்கினால் சுருங்கும், நாலே நாளில் விரிசல் விட்டு உதிர்ந்துபோகும் என்று அழாத குறையாகச் சொன்னாய். நம் கரிசல் மண்ணும் அப்படித்தானே, மழைக்கு ஊதி வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கிறது. வீடு கட்டும்போது கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு மணல் கொட்டினோமே, அது மாதிரி எதையாவது போட்டு ஊதுவதற்கு இடம் விடேன் என்றேன். சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாய். "அதத்தாம்மா கரித்தூள் போட்டுச் செய்யுறோம். நீ வந்து எங்க சாருக்குப் பாடம் எடு."

அந்த வாரமே புதிதாக ஒரு பேட்டரி செய்து, சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்க்கிற மிஷினில் மாட்டினாய். மறுநாள் காலை, "இந்தத் தடவ உதிராம தாங்கும் பாரு, போயிட்டு வரேன்" என்று ஸ்கூட்டியை எடுத்தாய். அரியலூர் ரோட்டில் லாரி. மத்தியானம் வந்து யார் யாரோ சொன்னார்கள். நான் அடுப்பை அணைக்கக்கூட இல்லை.

இன்று மூட்டை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே, உன் கூடப் படித்த பெண் உன் சாமான்களைக் கொண்டுவந்தாள். ஒரு கண்ணாடி பாட்டில். உள்ளே நான் போட்ட முடிச்சு, அவிழ்க்காமல். மேலே 'அம்மா' என்று ஒட்டியிருந்தாய். மேசையில் அதை யாரையும் தொடவிட மாட்டாயாம்.

அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அவ போட்ட பேட்டரி இன்னும் ஓடுதுங்கம்மா. மிஷின் வேற ஆளுக்கு வேணுமாம். நிறுத்தலாமான்னு சார் உங்களக் கேக்கச் சொன்னாரு."

உன்னைக் கேட்க வேண்டியதை என்னைக் கேட்கிறார்கள். நீ இல்லை என்பது அப்போதுதான் எனக்குள் இறங்கியது, பாப்பா.

"அதுவா நிக்கிற வரைக்கும் நிறுத்த வேணாம்னு சொல்லும்மா" என்றேன்.

பாட்டிலைத் திறந்து முடிச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு சோளக் கொல்லைக்குப் போனேன்.