கூடையில் நான் போட்ட வசனங்கள்

பத்து பெரண்டாம்
மே 5, ஞாயிறு

அன்பு மகள் லக்ஷனாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் நாங்கள் இரண்டு பேரும் இங்கே சுகம், நீயும் நியூசிலாந்துக் குளிரில் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம் என்று கை தானாக எழுதிவிட்டது. முதல் பாதி முழு உண்மை இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம், ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா என் தோளை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கிறாள். அதனால் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் படி. முழுவதும் படித்து முடிக்காமல் அம்மாவுக்குப் போன் போடாதே.

வீட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. சமையலறை மேல் ஓடு இரண்டு உடைந்து ஒழுகுகிறது, ஆள் வருகிறேன் வருகிறேன் என்று மூன்று வாரமாக வரவில்லை, கீழே வாளி வைத்திருக்கிறோம். காடியின் ஏர்கோன் போய்விட்டது, வண்டி ஓட்டிக்கொண்டு குருபோங் சபைக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை நனைந்துவிடுகிறது. நான் இன்னும் சபைச் செயலாளர்தான், பதினாலு வருடம் ஆகிவிட்டது, வேறு ஆளைப் பாருங்கள் என்றால் எல்லாரும் சிரிக்கிறார்கள். டயர்க் கடைக்கு மேல்மாடியில்தான் இன்னும் சபை, அந்தப் படி ஏறி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. களைப்பாக இருக்கிறது மகளே, தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். போன நவம்பரில் அம்மாவுக்கு இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. ஒரு மாதம் என்னிடம்கூடச் சொல்லவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாள், தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு. கிறிஸ்துமஸுக்கு முன்னால்தான் சொன்னாள். கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போனேன், அங்கிருந்து டவுனில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள், மார்ச்சில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதிக்கத் தேதியும் கிடைத்தது. பார்த்த டாக்டர் பெண் உன் வயதுதான் இருப்பாள், நல்ல பிள்ளை. கட்டி சின்னது அங்கிள், என்னவாக இருந்தாலும் சீக்கிரம் பார்த்துவிட்டால் கவலை இல்லை, தள்ளிப்போடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். உனக்குச் சொல்ல வேண்டாம், பிள்ளை வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடும் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறுகிறேன்.

இடையில் வருடப் பிறப்பு ஆராதனை வந்தது. வாக்குத்தத்த வசனம் எழுதிய அட்டை எடுப்பது உனக்குத் தெரிந்ததுதான், பாஸ்டர் ஜெபித்துக் கூடையை நீட்டுவார், ஆளுக்கு ஒன்று எடுத்து அந்த வருடம் முழுவதும் அதைப் பிடித்துக்கொள்வோம். அம்மாவுக்குக் கிடைத்தது செங்கடல் கரையில் மோசே ஜனங்களுக்குச் சொன்ன வார்த்தை, கர்த்தர் உங்களுக்காகச் சண்டை போடுவார், நீங்கள் சும்மா இருந்தால் போதும் என்கிற வசனம். அட்டையைப் படித்ததும் அம்மா அங்கேயே முழங்கால் போட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்ததும், எனக்குப் பதில் வந்துருச்சுங்க, இனிமே நான் எங்கேயும் வர மாட்டேன், அவரு பாத்துக்குவாரு என்றாள். மார்ச்சில் தேதி வந்தபோது நான் காடியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன், அவள் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், வரவில்லை. கெஞ்சினேன், கோபப்பட்டேன். அதே அட்டை சபையில் ஜெயா வீட்டுப் பிள்ளை பவனுக்கும் வந்ததே, அவன் எஸ்.பி.எம். பரீட்சை எழுதுகிற வருடம், அவனை யாராவது சும்மா இரு என்றார்களா, மூன்று டியூசனுக்கு அனுப்புகிறார்களே என்று கேட்டேன். அவனுக்கு அது வேற அர்த்தம், எனக்கு வேற அர்த்தம் என்று முடித்துவிட்டாள்.

இனி எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த அட்டைகளை வருடா வருடம் தயார் செய்வது நான். நாற்பது வசனம் தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டரில் அடித்து, ஷங்கர் கடையில் அச்சுப் போட்டு, வீட்டில் உட்கார்ந்து நானே வெட்டுவேன். பயமுறுத்துற வசனம் வேணாம் அய்யா, ஜனங்க ஏற்கனவே நொந்துபோய் வராங்க என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறார், சொல்லாவிட்டாலும் நான் போடமாட்டேன். கண்டிக்கிற வசனம், எச்சரிக்கிற வசனம், நீ எழுந்து போய் இதைச் செய் என்கிற வசனம் எதுவும் அந்தக் கூடைக்குள் போனதில்லை. அம்மாவின் வசனத்துக்கு அடுத்த வரி என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னைப் பார்த்து ஏன் கூப்பாடு போடுகிறாய், ஜனங்களை நடக்கச் சொல் என்று கர்த்தர் மோசேயைக் கேட்கிறார். அட்டையில் இடம் போதவில்லை, நான்தான் அதை விட்டுவிட்டேன். இடம் போதவில்லை என்பதுகூட முழு உண்மை இல்லை, எழுத்தைச் சின்னதாக்கியிருந்தால் கொள்ளும், சும்மா இருந்தால் போதும் என்பதோடு நிறுத்தினால் கேட்க இதமாக இருந்தது. இது தெரிந்தும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் இதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. ஏனென்றால் அந்த அட்டை வந்த பிறகுதான் அம்மா அழுகையை நிறுத்தினாள், நன்றாகச் சாப்பிட்டாள், பாட்டுப் பாடிக்கொண்டே துணி காயப்போட்டாள். அந்த நிம்மதியை நான் பிடுங்குவதா என்று பயந்தேன். மனைவி செத்துப்போவாளோ என்ற பயத்தைவிட அது பெரிதாகப் போய்விட்டது எனக்கு, என்ன மனிதன் நான்.

கடைசியில் ஈஸ்டர் கழிந்து பாஸ்டர் தர்மேந்திரனை வீட்டுக்குக் கூப்பிட்டேன், நீங்கள் சொன்னால் கேட்பாள் என்று. நீ போன பிறகு வந்தவர், உனக்குத் தெரியாது, சின்ன வயது, வார நாட்களில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார், கெட்டவர் இல்லை. அவருடைய மகளுக்கு மூச்சிழுப்பு வந்தால் ஆயர் குரோவில் இருக்கும் கிளினிக்குக்கு எப்படி ஓடுவார் என்று நானே பார்த்திருக்கிறேன். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்னு சொல்லவே இல்லையே அய்யா என்றார். அப்படியானால் போகச் சொல்லுங்கள் என்றேன். அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். பிறகு, கையில வந்தது கர்த்தரோட வார்த்தைன்னு நான்தானே மேடையில நின்னு இருநூறு பேருக்குச் சொன்னேன், இப்ப சிஸ்டருக்கு மட்டும் அது அட்டைதான்னு எந்த அதிகாரத்துல சொல்றது என்றார். ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். மேடையில் நிற்கிறவருக்கே தெரியவில்லை என்றால் நான் யாரிடம் போவது? எனக்கு அன்றைக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு.

அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வசனத்தைப் பொறுக்கியது நான், வெட்டியது நான், அடுத்த வரியை விட்டதும் நான், கூடைக்குள் போகாத வசனம் உன் கைக்கு எப்படி வரும் விஜயராணி என்றேன். வேதத்தைத் திறந்து அடுத்த வரியைக் காட்டினேன். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். வசனம் பொய்யாங்க என்று கேட்டாள். வசனம் பொய் இல்லை, பாதியை நான் கொடுத்ததுதான் பொய் என்றேன். அப்ப ஜனவரியிலேயே ஏன் சொல்லல, என்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே நாலு மாசம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க என்றாள். நான் வேதத்தை மூடி வைத்தேன். பாஸ்டர் எழுந்து ஜெபிக்கட்டுமா என்று கேட்டார், வேணாம் பாஸ்டர், இன்னிக்கு வேணாம் என்று அம்மா சொன்னாள். இந்த வீட்டில் ஜெபத்தை வேண்டாம் என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொன்னாள், புதுத் தேதியும் வாங்கியாகிவிட்டது. நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் காலையில் ஐந்தரைக்கு எழுந்து பாடி ஜெபிக்கிறவள் இப்போது எழுந்ததும் நேரே போய் அரிசி களைகிறாள். சபைக்கு வருகிறாள், பாட்டு நேரத்தில் வாய் அசைகிறது, சத்தம் வருவதில்லை. கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறாள். ஒரு அட்டையைத்தான் அவள் கையிலிருந்து வாங்க நினைத்தேன், இவ்வளவும் கூடவே வந்துவிட்டது. இனி கர்த்தர் பேசுகிறார் என்று யார் வந்து சொன்னாலும் அவள் முகத்தைத்தான் நான் பார்ப்பேன், அந்த முகத்தை இப்போதே என்னால் பார்க்க முடியவில்லை. பாஸ்டரும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அடுத்த வருடம் அட்டை வேண்டாம், ஆளுக்கு ஒரு அதிகாரம் முழுவதுமாகப் படிக்கக் கொடுப்போம் என்று சபைக் கூட்டத்தில் சொன்னேன். நிவேந்திரன் எழுந்து, அய்யா வயசாயிருச்சு, விசுவாசம் குறைஞ்சு போச்சு போலலாஹ் என்றான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

போன வியாழக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, லக்ஷனாவுக்கும் அன்னிக்கு இப்படித்தான் இருந்திருக்கும்ல என்றாள். என்றைக்கு என்று கேட்கவில்லை, எனக்கே புரிந்தது. உனக்குப் பதினேழு வயது, வாலிபர் கூட்டத்தில் எழுந்து பழைய பாஸ்டரிடம், கூடையில நல்ல வசனம் மட்டும் இருக்குன்னா பேசுறது கர்த்தரா, கூடைய நிரப்புனவங்களா என்று கேட்டாய். அந்த வருடமும் கூடையை நிரப்பியவன் நான்தான். பதில் சொல்லியிருக்கலாம். உன்னை அடுத்த ஞாயிறு சபை முன்னால் நிறுத்தி, ஊழியக்காரரை எதிர்த்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வைத்தேன். நீ தலையைக் குனியாமல் கேட்டாய், எல்லாரும் திமிர் என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வருடக் கடைசியில் நீ சபைக்கு வருவதை நிறுத்தினாய், யூனிவர்சிட்டிக்குப் போன பிறகு அந்தப் பேச்சையே நாம் எடுக்கவில்லை. பத்து வருடமாக விடுமுறைக்கு வந்து போகிறாய், ஞாயிறு காலையில் நாங்கள் கிளம்பும்போது நீ சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்ப்பாய், நான் கதவைச் சாத்திவிட்டுப் போவேன். பிள்ளையை உலகம் கெடுத்துவிட்டது என்று சபையில் சாட்சி சொல்லியிருக்கிறேன், அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

உன் கேள்வி சரியான கேள்வி லக்ஷனா. சபை முன்னால் நான்தான் நின்றிருக்க வேண்டும். அப்பாவை மன்னித்துவிடு.

ஒரு உதவி கேட்கிறேன். அம்மாவுக்குப் போன் போடு. நோயைப் பற்றி விளக்க வேண்டாம், அதை டாக்டர் பெண் நன்றாகச் சொல்லிவிட்டாள். பார்த்தீர்களா நான் அன்றைக்கே சொன்னேன் என்றும் வேண்டாம், அதைச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, இருந்தாலும் வேண்டாம். நீ இன்னும் ஜெபிக்கிறாயா என்று நான் உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வந்த திங்கட்கிழமையை நீ தனியாகத்தான் கடந்து வந்திருக்கிறாய், பதினேழு வயதில், பக்கத்து அறையில் நாங்கள் இருந்தும். எப்படி எழுந்தாய், எதைப் பிடித்துக்கொண்டாய், எதை விட்டாய் என்று உன் அம்மாவுக்குச் சொல். இந்த வீட்டில் அது தெரிந்த ஆள் நீ ஒருத்திதான்.

இங்கே மத்தியானம் மூன்று மணிக்குக் கூப்பிடு, உனக்கு அப்போது ராத்திரி ஏழு இருக்கும். நீ கூப்பிட்டால் நான் வெளியே போய்க் காடி கழுவுவேன், நீங்கள் இரண்டு பேரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள். பரிசோதனை இருபத்தொன்றாம் தேதி செவ்வாய், காலை எட்டு மணி, மறந்துவிடாதே. கழுத்தைச் சுற்றித் துணி கட்டாமல் வெளியே போகாதே, சளி பிடித்தால் உனக்குச் சீக்கிரம் விடாது. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், நீ கேட்கிற கேள்விகளையும் சேர்த்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
சேகரன்