உள்ளங்காலில் பாயாத மின்சாரம்

1983 ஜூலை 4

இடது உள்ளங்காலில் இருக்கும் சர்க்கரைப் புண்ணுக்கு மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கலாம் என்கிறார் ஸ்ரீரங்கத்து டாக்டர் நல்லதம்பி. முன்பு பார்த்த பெரிய டாக்டர், மரக்கிளையைப் பற்றிப் பேசுவதுபோல, "முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாம்" என்றவர். அதனால்தான் இங்கு வந்தேன். ஒரு சிறு பெட்டி, இரண்டு கம்பிகள், உப்புநீரில் நனைத்த பஞ்சு. கல்லூரியில் ஆயுள் முழுவதும் பௌதிகம் கற்பித்தவளிடம், "பயப்படாதீங்க மேடம், ஷாக் அடிக்காது" என்கிறார். மரத்துப்போன காலில் அடித்தால்தான் எனக்குத் தெரியப்போகிறதா?

ஜூலை 12

மின்சாரம் பாய்வதைக் காட்டும் பெட்டியின் முள் நன்றாக நகர்கிறது. புண்ணின் ஓரத்தில் சிவப்பு தெரிகிறதாம். தங்கை லூர்துராணி வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறாள். நர்ஸ் வந்து கட்டு மாற்றுகிறாள். வீட்டில் அமைதி.

ஜூலை 15

லூர்துராணி திரும்பிவிட்டாள். இனி கட்டு மாற்றுவதைத் தானே பார்த்துக்கொள்வாளாம். நர்ஸை அனுப்பிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

ஜூலை 20

முள் அசையவில்லை. நேற்றும் இதே கதைதான். டாக்டர் பஞ்சுகளைத் தம் கையில் வைத்துப் பார்த்தார், முள் நகர்ந்தது. பெட்டியில் பழுதில்லை.

"சதை செத்துடுச்சு மேடம். செத்த சதையில கரண்ட் எப்படிப் போகும்? வெள்ளிக்கிழமை எடுத்துடலாம். தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து."

எப்படிப் போகும்? கசாப்புக் கடையில் தொங்கும் ஆட்டுத்தொடையில் போகிறதே, அப்படித்தான்! ஈரமும் உப்பும் இருந்தால் போதும், உயிர் எதற்கு? இதைக்கூட யோசிக்காதவர் கையில் கத்தி. நடுவில் ஏதோ தடுக்கிறது — எது?

ஜூலை 21

காலையில் லூர்துராணியிடம் கட்டைப் பிரிக்கச் சொல்லி, கைக்கண்ணாடியைக் காலடியில் பிடித்தேன். புண் பளபளத்தது.

"என்னடி இது?"

"மாதா கோயில் எண்ணெய்க்கா. முன்னாடியே சொன்னா விடமாட்டீங்கன்னுதான்... கொஞ்சமாத்தான் தடவுனேன்."

"கொஞ்சமா? பஜ்ஜியே சுடலாம் போலிருக்கு!"

"சாமி காரியத்தைக் கேலி பண்ணாதீங்க."

"சாமியை யாரு கேலி பண்ணா? எண்ணெயில கரண்ட் போகாதுடி, அறிவுகெட்டவளே! நாளைக்கு என் காலை வெட்டப்போறான், தெரியுமா உனக்கு?"

அழுதாள். அழட்டும். என் கால், என் புண். தடவும்போது எனக்குத் தெரியாது என்ற தைரியம்தானே அவளுக்கு?

ஜூலை 22

ஆபரேஷன் மேசை தயாராக இருந்தது. "மொதல்ல பெட்டியைக் கொண்டு வாங்க" என்றேன். புண்ணைச் சுத்தமாகக் கழுவச் சொல்லி, பஞ்சை வைக்கச் சொன்னேன். முள் நகர்ந்தது. டாக்டர் கையுறைகளைக் கழற்றினார்.

"சாரி மேடம்."

காலை எடுத்த பிறகும் இதையேதான் சொல்லியிருப்பார்.

ஆகஸ்ட் 9

லூர்துராணியோடு நான் பேசுவதில்லை. கட்டு மாற்றுவது அவள்தான். கண்ணாடி என் கையில்.

நவம்பர் 14

புண் ஆறிவிட்டது. பெரியகடைவீதியில் ஜெகபர் அலியின் செருப்புக் கடை. காகிதத்தை விரித்து என் இரண்டு பாதங்களையும் பென்சிலால் சுற்றி வரைந்தார். "இடது பக்கம் மெத்துன்னு வச்சுத் தரேம்மா" என்றார். நான் தடுமாறாமலிருக்க லூர்துராணி என் தோளைப் பிடித்திருந்தாள். அவளுடைய செருப்பில் வார் அறுந்து, ஊக்குக் குத்தியிருந்தது.

"அவளுக்கும் அளவெடுங்க" என்றேன் ஜெகபர் அலியிடம். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நில்லுடி, நேரா நில்லு" என்றேன்.