கறன்ட் இல்லாத ஒவனில் படித்தவள்

செப்டெம்பர் 2
கொட்டாஞ்சேனைக்கு வந்து ஒரு கிழமை. பேக்கரியில் இன்றும் தட்டுக்கு எண்ணெய் பூசுவதுதான் வேலை. பள்ளிக்கூடத்தில் தொழிற்பிரிவில் பேக்கரி படித்தவர்களில் கொழும்பில் பயிற்சி கிடைத்தது எனக்கு மட்டும். மூன்று மாதம். முதலாளி ஹியூபேட் அங்கிளுக்குப் பிடித்தால் வேலைக்கு வைப்பார். இல்லாவிட்டால் வன்னிக்குத் திரும்பி, மாமா சொல்லும் கார்மென்ட்ஸ்தான். எனக்கோ ஊசியைக் கண்டாலே எரிச்சல்.

செப்டெம்பர் 9
தட்டு. எண்ணெய். தட்டு.

செப்டெம்பர் 17
போச்சு. எல்லாம் போச்சு.

விடிய அங்கிள் கடைகளுக்குப் பாண் கொடுக்கப் போகும்போது, "பிள்ளை, அந்த பட்டர் கேக்கை உள்ள வை" என்றார். ஞானஸ்நான வீட்டு ஓடர். வைத்தேன், கதவைச் சாத்தினேன், மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றேன். நேரம் முடிந்து திறந்தால் மா பச்சையாக அப்படியே இருக்கிறது. ஒவன் சுவிட்சை நான் போடவே இல்லை!

சூடு வரவில்லையே என்றுகூடத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? பள்ளிக்கூட ஒவன் ஒருநாளும் சுட்டதில்லை. அதற்கு வேண்டிய கறன்ட் அங்கே இல்லை. தட்டை வை, கதவைச் சாத்து, மணிக்கூட்டைப் பார் – இரண்டு வருடம் இதைத்தான் பழகினோம். சோதனையும் அப்படித்தான் நடந்தது.

அங்கிளின் மனைவி ஐறீன் அன்ரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. அங்கிள் சிரிக்கவில்லை. "சேட்டிபிக்கட்டில ஏ தரம் போட்டிருக்கு. பச்சை மாவுக்கோ ஏ குடுத்தவை?"

செப்டெம்பர் 18
பையை அடுக்கிவிட்டேன். போவதென்றால் சொல்லிவிட்டே போவோம் என்று நினைத்தேன்.

"அங்கிள், எங்கட பள்ளிக்கூட ஒவனுக்குக் கறன்ட் இல்ல."

"அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எடுத்திருப்பீங்களோ?"

வாய் முந்திவிட்டது. யார்மேல் எனக்கு இந்தக் கோபம்? ரீச்சர் மேலா? பாவம், அவதான் மாவும் சீனியும் வீட்டிலிருந்து கொண்டு வந்தவ. அங்கிள் கையிலிருந்த மாவைத் தட்டினார். பிறகு, "நாளைக்கு வெள்ளன வா. சுவிட்சில இருந்து தொடங்குவம்" என்றார்.

ஒக்டோபர் 5
கை சுட்டுவிட்டது. அன்ரி பற்பசை பூசிவிட்டா. எரியுது. ஆனால் சந்தோசமாய்க் கிடக்கு. விசரோ எனக்கு?

நவம்பர் 26
இன்று பணிஸ் முழுக்க நானே சுட்டேன். ஓரம் கொஞ்சம் கருகல். அங்கிள் ஒன்றை எடுத்தார், தின்றார், போய்விட்டார். பயிற்சி முடியப்போகிறது. வைப்பாரா, அனுப்புவாரா? வாயைத் திறந்து சொன்னால் என்ன, மனுசன்!

டிசெம்பர் 1
காலையில் அங்கிள், "நத்தார் கேக் ஓடர் முடியுமட்டும் லீவு கேக்காத, சொல்லிப்போட்டன்" என்றார். விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "இந்த மாதம் வரமாட்டன்."

"ஏன், பயிற்சி இன்னும் முடியேல்லையோ?"

"முடிஞ்சுது."

"அப்ப என்ன?"

"வேலையம்மா."

அம்மா பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "என்னடி சொன்னனீ? திருப்பிச் சொல்லு" என்றா.