கேமரன் கோட்டு

வியாழன் இரவு, விடாத மழை.

சத்தியம் பண்ணி எழுதுகிறேன், யாரும் நம்பப் போவதில்லை: இன்று இந்தத் தோட்டத்து லயத்தில் ஓர் ஒட்டகத்தைக் குளிப்பாட்டி ஆட்டுக்குட்டியாக்கிவிட்டேன்.

அக்கா மகள் மாலதி சனிக்கிழமை அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாள். பிரிஞ்சாங் பாசார் மாலாமில், அந்த ராத்திரிச் சந்தையில், பழைய கோட்டு ஒன்று வாங்கி வந்தாள். "தொட்டுறாதீங்க மாமா, அது கேமல்" என்றாள். என் காதில் 'கேமரன்' என்று விழுந்தது. நம்ம கேமரன் மலைக் கோட்டுதானே, எதையும் தாங்கும் என்று, அவள் வெளியே போன நேரம், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டுக் கசக்கித் தள்ளினேன்.

வந்து பார்த்தவள் கத்தினாள். "ஒட்டக முடி மாமா! பச்சத் தண்ணியில அலசி, பிழியாம, துண்டுல சுருட்டி, படுக்கப் போட்டுல்ல காய வைக்கணும்!"

"ஒட்டகம் தண்ணிக்கு ஏங்குற பிராணிலா, ஆசைதீரக் குளிக்கட்டுமேன்னு விட்டேன்."

சிரிக்கவில்லை. என் புளுகுக்கு அவள் சிரிக்காதது இதுதான் முதல் தடவை.

ஃபேக்டரியில் தேயிலைக் கொழுந்து வாட்டுகிறவன் இப்போது சாப்பாட்டு மேசையில் கோட்டை வாட்டுகிறேன். அடுப்புப் பக்கம் வைக்கப் பயம், இன்னும் சுருங்குமாம். இந்த ஈரத்தில் சனிக்கிழமைக்குள் காயுமா? அங்கே பனி கொட்டுமாமே. எழுந்து எழுந்து போய்க் கோட்டுக் கையை மெல்ல இழுத்துவிட்டு வருகிறேன்.

ஆட்டுக்குட்டி என்றது புளுகு. ஒட்டகம் ஏறக்குறைய முழுசாகத்தான் இருக்கிறது. கைதான் அவள் மணிக்கட்டுக்கு எட்டவில்லை. அது மட்டும் நிஜம்.