வாய்க்காலை நான்தான் காட்டினேன்

மார்ச் 2

தகைவிலான்கள் ஊருக்குக் கிளம்பத் தயாராகிவிட்டன. மின்கம்பி முழுக்க நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. மஞ்சள் வாலாட்டிகள் சொல்லாமல் கொள்ளாமல் போயே விட்டன போல, ஏரியில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஏரி என்று பழக்கதோஷத்தில் எழுதுகிறேன். உள்ளே மாடு மேய்கிறது, பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், தண்ணீர் மட்டும் கிடையாது. மாரண்டஹள்ளியில் ரத்தப் பரிசோதனை லேப் திறக்கும் முன்பு தினமும் ஸ்கூட்டியைக் கரையில் நிறுத்திவிட்டு பைனாகுலரை எடுப்பேன். பொதுக்குழாய்க்குக் குடம் தூக்கிப் போகும் நஞ்சம்மாக்கா நின்று கேட்பார்: "என்னா லேப்காரம்மா, பொதையலு கெடச்சுதா?" இன்று "பாதி உங்களுக்குத்தாங்க்கா" என்றேன். சிரிக்கக்கூட நேரமில்லை அவருக்கு. குழாயில் தண்ணீர் நின்றுவிடுமே.

மார்ச் 5

வந்துவிட்டன!

நீலவால் பஞ்சுருட்டான்கள். ஜாஸ்மின்தான் முதலில் பார்த்தாள். போனில் மூச்சு வாங்க, "அக்கா, வந்துட்டாங்கக்கா!" என்றாள். பாலக்கோட்டில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். இந்தப் பக்கம் பறவை பார்க்கிற பைத்தியங்கள் நாங்கள் இரண்டே பேர். பறவைகளுக்கு 'ங்க' போடாமல் பேசமாட்டாள். அவளுடைய மேனேஜருக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

மார்ச் 9

வழக்கமாக நம் ஏரிக்கு மேலே ஒரு வட்டம் அடித்துவிட்டு எங்கேயோ போய்விடுவார்கள் (எனக்கும் தொற்றிக்கொண்டது). இந்த முறை இறங்கிவிட்டார்கள். போன வருஷம் வண்டல் மண் அள்ளியவர்கள் ஏரிக்குள் ஒரு பள்ளத்தைப் பறித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அதன் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் செங்குத்தாக ஒரு மண்சுவர் நிற்கிறது. அதில்தான் பொந்து தோண்டுகிறார்கள்! ஒன்று உள்ளே போய்க் காலால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளுகிறது, துணை வெளியே காவல் இருக்கிறது. வால் மட்டும் வெளியே ஆடுகிறது.

நம் ஏரியில் கூடு. நம்பவே முடியவில்லை. லேபில் ஒருவருடைய ரத்தத்தை எடுத்துவிட்டு இன்னொருவர் பெயரை எழுதப் பார்த்தேன். நல்லவேளை, அந்தம்மாவே பார்த்துச் சொன்னார்.

மார்ச் 21

தோட்டத்துப் போர்வெல்லில் காற்றுதான் வருகிறது. தக்காளி இந்த வாரம் தாங்கும் என்கிறார் என் வீட்டுக்காரர் மாது. வாயைத் திறந்து சொன்னதே அவ்வளவுதான். கல்யாணம் ஆன நாளாக இவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பேச்சு குறையும், அவ்வளவுதான். இப்போது ரொம்பக் குறைந்துவிட்டது.

ஏப்ரல் 4

ஏரிக்குள் பொக்லைன் நிற்கிறது.

ஊராட்சியில் மறுபடி மண் எடுக்கிறார்களாம். நாளையே வேலை தொடங்குகிறார்களாம். எங்கே? அந்தப் பள்ளத்தை அகலப்படுத்தப் போகிறார்கள். சுவர் முதல் வேலையில் போய்விடும். முட்டை வைக்கிற நேரம் இது. சாயங்காலமே தலைவர் தர்மன் அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டும். என்ன சொல்லிப் போவது? பறவைக்காக என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.

ஏப்ரல் 5

நேற்று சாயங்காலம் டீ கொடுத்தார். பறவைக்காக என்றும் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். "அம்மா, நீங்க சொல்றது சரிதான். ஆனா மண்ணு எடுத்தே ஆகணும்ங்க, வேலை ஓகே ஆயிடுச்சு. மிசினை சும்மா திருப்பி அனுப்ப முடியுங்களா?"

அப்போது என் வாயில் வந்ததைச் சொன்னேன். "ஏரிய எவ்ளோ ஆழம் பண்ணி என்னாங்கண்ணா பிரயோஜனம்? மலையில இருந்து தண்ணி வர்ற வாய்க்கால் முழுக்க முள்ளு. மொதல்ல அதை எடுங்க. தண்ணி வந்தாத்தானே ஆழம் வேணும்?"

சத்தியமாக வாய்க்காலைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. பொக்லைன் அந்தச் சுவரை விட்டு நகரவேண்டும், வேறு எங்கே போனால் எனக்கென்ன. அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "பாயிண்ட்டுதாங்க" என்றார்.

ஏப்ரல் 6

பொக்லைன் ஏரியை விட்டு ஏறிப் போனது! கரையில் நின்று நானும் ஜாஸ்மினும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். ஆடு மேய்க்கிறவர் எங்களைப் பார்த்து ஆடுகளை வேறு பக்கம் ஓட்டினார்.

ஏப்ரல் 18

வாய்க்கால் வேலை முடிந்துவிட்டது. மலையடிவாரம் வரைக்கும் கீறிவிட்டது போல நேராகக் கிடக்கிறது. சீமைக்கருவேலம், தக்காளிப் பெட்டி, கிழிந்த சேலை என்று எத்தனை வருஷக் குப்பை. போனவர் வந்தவரெல்லாம் என்னை நிறுத்தி நல்ல காரியம் பண்ணினீங்க என்கிறார்கள். நான் பெரிய மனுஷி மாதிரித் தலையை ஆட்டுகிறேன்.

சுவரில் சத்தம் குறைந்துவிட்டது. உள்ளே அடைகாக்கிறார்கள்.

மே 6

குஞ்சு பொரித்துவிட்டன. ஜோடி ஜோடியாகத் தட்டானும் தேனீயும் பிடித்துக்கொண்டு பொந்துக்குள் ஓடுகிறார்கள். ஒரு பொந்தில் நுழைந்த வேகத்தில் வெளியே வந்து அடுத்த தட்டானுக்கு ஓட்டம். எனக்குப் பிள்ளை இல்லை, யாருக்கும் இப்படி ஓடியதும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில் லேபுக்கு லேட்.

ஜூன் முதல் வாரம் வெளியே பறந்து வந்துவிடும் என்கிறாள் ஜாஸ்மின்.

மே 12

வானம் கறுத்தது, காற்று அடித்தது, ஒரு சொட்டு விழவில்லை. தக்காளியில் பாதியை விட்டுவிட்டார் மாது. இனி மீதிப் பாதிக்கு மட்டும்தான் டேங்கர் தண்ணீர்.

மே 19

மலையில் மழை. அப்படி ஒரு மழை!

மதியம் ஊரே கத்திக்கொண்டு ஓடியது. நானும் ஓடினேன். வாய்க்காலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்குகிறது. நஞ்சம்மாக்கா சேலையோடு நடுவில் இறங்கி நின்றுவிட்டார். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். மாது என் தோளைப் பிடித்துக்கொண்டு, நாலு பேர் பார்க்க, அழுதார். நானும் கை தட்டினேன். ஆமாம், தட்டினேன், விசில்கூட அடித்தேன்.

அப்புறம்தான் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தேன். பள்ளத்துக்குத்தான். வேறு எங்கே ஓடும்?

மே 20

இன்னும் வருகிறது. வாய்க்கால் நிற்கவே இல்லை. கீழ் வரிசைப் பொந்துகள் தண்ணீருக்குள்.

ஜாஸ்மின் லீவு போட்டுவிட்டு வந்தாள். தோண்டி எடுத்துவிடலாமா என்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒரு பொந்துக்குள் கை விட்டாள். தோள் வரைக்கும் விட்டும் எட்டவில்லை. உள்ளே சத்தம் மட்டும் கேட்கிறதாம். இன்னும் கொஞ்சம் அழுத்தினதும் மேலே இருந்த மண் பொலபொலவென்று சரிந்து இரண்டு பொந்துகளை மூடிவிட்டது. வெளியே வந்து, "நானே மூடிட்டேங்கக்கா" என்றாள். யார் யாருக்கோ போன் செய்தோம். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மழையை யார் என்ன செய்யமுடியும் மேடம் என்று கேட்டார்கள். சரிதானே.

சாயங்காலம் மாதுவிடம் கேட்டேன், மதகைத் திறக்கச் சொல்லலாமா என்று. 

"ஊரே சாமி கும்புடுது, ஏரி ரொம்பட்டும்னு. நீ மதகைத் தொறக்கச் சொல்றியா?"

"ரெண்டே வாரம்தான். குஞ்சுங்க பறந்துடும்."

"ரெண்டு வாரம் கழிச்சி இந்தத் தண்ணி திரும்பி வருமா, கோகிலா?"

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார். நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டது போல. தலைவரிடம் நான் போகவில்லை. போயிருக்கவேண்டுமா? போய் எந்த வாயால் கேட்பது? தண்ணி வந்தாத்தானே என்று சொன்ன அதே வாயாலா?

மே 21

மேல் வரிசையும்.

மே 22

சுவர் இருந்த இடத்தில் தண்ணீர். அதற்கு மேலே அவர்கள் வாயில் தட்டானை வைத்துக்கொண்டு பறக்கிறார்கள். சரியாகப் பொந்து இருந்த இடத்துக்கு வந்து, படபடவென்று நின்று, இறங்கப் பார்த்து, திரும்பிப் போகிறார்கள். மறுபடி வருகிறார்கள். தட்டானைத் தாங்களும் தின்னவில்லை, கீழேயும் போடவில்லை.

கரையில் திருவிழாக் கூட்டம். ஐஸ் வண்டிகூட வந்திருக்கிறது. ஒரு சின்னப் பெண் என்னிடம் கேட்டாள், "ஆன்ட்டி, அந்தக் குருவிங்க இன்னாத்துக்கு தண்ணிமேல வெளாடுது?"

கண்ணில் தூசி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எல்லாம் நான் செய்தது. பொக்லைன் சுவரை இடித்திருந்தால் வெறும் முட்டையோடு போயிருக்கும். வேறு எங்காவது போய் மறுபடி வைத்திருப்பார்கள். நான் அல்லவா கண் திறக்கும் வரைக்கும் வளரவிட்டு —

போதும்.

மே 31

போரில் தண்ணீர் ஏறியிருக்கிறது. மோட்டார் சத்தம் கேட்கிறது. மாது பாட்டு முணுமுணுக்கிறார், அதுவும் தப்பும் தவறுமாக. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

ஜூன் 16

ஏரிக்கரையில் கங்கம்மா பூசை. கிடா வெட்டினார்கள். தலைவர் வீட்டிலிருந்து எங்களுக்குத் தனியாகக் கறி வந்தது, வாய்க்கால் யோசனை சொன்ன அம்மாவுக்கு என்று. குழம்பு வைத்தேன். சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

ஜூலை 7

ஜாஸ்மினோடு பேச்சு இல்லாமல் இருந்தது. சண்டையெல்லாம் இல்லை, என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. இன்று அவளே கூப்பிட்டாள். நம்மவர்களில் கொஞ்சம் பேர் பக்கத்தில் கீழேரியில் இருக்கிறார்களாம். அதுவும் வறண்ட ஏரி, அங்கேயும் மண் எடுத்த சுவர் ஒன்று இருக்கிறதாம். சுற்றிச் சுற்றிப் பறந்தார்களாம், ஒன்றிரண்டு பேர் மண்ணைக் கொத்திப் பார்த்தார்களாம்.

"இந்த வருசம் சும்மா எடம் பாத்துட்டுப் போறாங்கக்கா. அடுத்த வருசம் அங்கதான் கூடு, பாருங்க."

குரலில் பழைய ஜாஸ்மின் கொஞ்சம் தெரிந்தாள்.

ஆகஸ்ட் 15

கிராம சபையில் எனக்குப் பொன்னாடை. பச்சைக் கலர், சரிகை குத்துகிறது. "இந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தைதாங்க, இன்னிக்கி நம்ம ஊர்ல தண்ணி" என்றார் தர்மன் அண்ணன். என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

வீட்டில் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அந்தச் சுவரைப் பற்றி, உள்ளே கேட்ட சத்தத்தைப் பற்றி எல்லாம் சொல்வதாக இருந்தேன். முன்வரிசையில் நஞ்சம்மாக்கா. தலை வாரி, பூ வைத்து, முழுசாக உட்கார நேரம் கிடைத்தவராக உட்கார்ந்திருந்தார். "எல்லாருக்கும் நன்றிங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

தலைவர் விடவில்லை. "இன்னொரு வாய்க்கால் எடுக்கப் போறோம். எந்த ஏரிக்குன்னு அம்மாவே சொல்லட்டும்."

கீழேரிப் பக்கத்துக்காரர்கள் ஒரு மூலையில் சேர்ந்து நின்றிருந்தார்கள். கை தூக்கவில்லை, கேட்கவும் இல்லை. அவர்களுடைய போரிலும் காற்றுதான் வருகிறது என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தை மே மாதம் வரைக்கும் என் வீட்டிலேயே பார்த்தேனே.

"கீழேரி" என்றேன்.

கைதட்டல் அடங்க நேரமானது. ஜாஸ்மின் கடைசி வரிசையில் இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டேன். அவளே ஸ்கூட்டி பக்கத்தில் வந்து நின்று, என் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து மடித்து வண்டிப் பெட்டியில் வைத்தாள். அப்புறம் சொன்னாள்:

"மார்ச்சுக்குள்ள கீழேரி ரொம்பிடணுங்கக்கா. அவங்க வந்து பாக்கறப்போ செவுரே தெரியக்கூடாது."

ஆமாம் என்றேன்.